ஸ்பீக்கரில் பெய்த மழை

என் நெஞ்சு முதன்முதலாக என்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். பென்னாகரத்துக்குப் பக்கம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மேடைக்கு ஓரமாக என் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் உட்கார்ந்து, "சாம்பார் வாளியோடு காணாமல் போன அன்பர் எங்கிருந்தாலும் பந்திக்கு வரவும்" என்று மைக்கில் அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அது வந்தது. உள்ளங்கை ஈரமாயிற்று. மண்டபத்துச் சுவர்கள் நாலும் ஓர் அடி முன்னால் வந்து நின்றன. நெஞ்சுக்குள் யாரோ பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். சரி, செத்துவிட்டோம் என்று முடிவு செய்து, கடைசிக் காரியமாக மைக்கை அணைத்தேன். சாகும்போது 'உய்ங்' என்று சத்தம் வரக்கூடாது பாருங்கள். தொழில் சுத்தம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். என் ஆம்ப்ளிஃபையருக்கே அவ்வளவு ஒயர் கிடையாது.

"உங்களுக்கு ஒன்னுமில்லீங்க" என்றார் டாக்டர்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? "நல்லாப் பாருங்க டாக்டர், ஏதாவது இருக்கும்" என்று கெஞ்சினேன்.

"இதயம் நல்லா இருக்குது. மனசுதான் கொஞ்சம் பதட்டப்படுது."

"மனசுக்கு ஸ்கேன் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்ல. தியானம் பண்ணுங்க."

அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு கிளம்பியவன்தான். வருடங்கள் ஓடிவிட்டன. இன்னும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

நான் ரேடியோ செட் வைத்திருக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, சாவு எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் முதலில் ஊருக்குச் சொல்லும். மைக் கையில் இருந்தால் தமாஷ் தானாக வரும். அதனால் ஊருக்கு நான் தமாஷ்காரன். தமாஷ்காரனுக்குப் படபடப்பு வருகிறது என்று சொன்னால் அதையும் தமாஷ் என்றே நினைத்துக் கை தட்டுவார்கள். ஆகவே விஷயம் என் மனைவிக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். மச்சான் என்றால் அவளுடைய தம்பி. கார் வைத்திருக்கிறவன், வாய் அதைவிடப் பெரிதாக வைத்திருக்கிறவன்.

மண்டபத்து நாளிலிருந்து நான் தனியாக இருந்ததே இல்லை. குளிக்கும்போதுகூடக் கதவு ஒருக்களித்துத்தான் இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இருக்கியா?" என்பேன். மாட்டுக் கொட்டகையிலிருந்தோ மல்பெரித் தோட்டத்திலிருந்தோ அவள் குரல் வரும்: "இருக்கறனுங்க. எங்க போறன்?" அவ்வளவுதான். நெஞ்சு உட்கார்ந்துகொள்ளும். அவள் சந்தைக்குப் போனால் நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். கல்யாண வீட்டில் நான் செட் போட்டால் அவள் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பார்த்தவர்கள் என்ன ஒரு அன்னியோன்னியம் என்று கண் வைத்தார்கள். அவள் தன் அம்மா வீட்டில் ஓர் இரவு தங்கிப் பல வருடங்கள் ஆகின்றன என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவளும் சொன்னதில்லை. அந்தச் சொல்லாததுதான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவே நான் போன குருமார்களிடமெல்லாம் கேட்டது ஞானம் இல்லை. அவள் இல்லாத வீட்டில் ஒரே ஒரு முழு நாள், தெருவுக்கு ஓடாமல் இருக்க வேண்டும். மோட்சம் மிச்சம் இருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தர்மபுரி டவுனில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடி. வெள்ளைச் சட்டை போட்ட ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். புருவ மத்தியில் ஒரு சுடரைப் பார்க்க வேண்டும். கீழே இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம். மேலே நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சுடர் தேடினோம். பக்கத்திலிருந்த அம்மாவுக்கு முதல் வாரமே பொன்னிறத்தில் வந்துவிட்டது. இன்னொருவருக்கு நீலம். எனக்குப் பல வாரம் இருட்டு மட்டும்தான். பிறகு ஒருநாள் நிஜமாகவே வந்தது. சின்னதாக, சிவப்பாக, அசையாமல். மெய்சிலிர்த்துப் போய் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டபோதுதான் தெரிந்தது, அது அதனுடைய பவர் லைட். இத்தனை வருடம் அதற்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு வேறு எந்தச் சுடர் வரும்? இருந்தாலும் இன்றைக்கும் தூக்கம் வராத நேரத்தில் அந்தச் சிவப்புப் பொட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கரண்ட் இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

அடுத்தது தீர்த்தமலை. மச்சான்தான் காரில் கூட்டிப் போனான். படியேறும் வழியில் ஒரு காவி வேட்டிக்காரர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, நிறுத்தியே வைத்திருக்க வேண்டும். மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து வந்தவனிடம் போய் மூச்சை நிறுத்து என்றால்? நிறுத்தினேன். மலை கொஞ்சம் சாய்ந்தது. மச்சான் தோளைப் பிடித்தேன்.

"நிறுத்திட்டீங்களா?" என்றார் காவி வேட்டிக்காரர்.

"நிறுத்திட்டேங்க. மறுபடி எப்பிடி ஓட்டறதுன்னுதான் தெரியல."

அவரே சிரித்துவிட்டார். நல்ல மனிதர். மேலே போய்ப் பாறையிலிருந்து தீர்த்தம் சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள் என்று அனுப்பினார். ஈரப் பாறையில் முதுகைச் சாய்த்தேன். ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு வருமா வராதா என்று மலையே காத்திருக்கும். வரும். அப்படியே கண் செருகிப் போய், நானும் எங்கோ உயரத்திலிருந்து மெதுவாகச் சொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. "தியானம் கைகூடிருச்சு மச்சான், குறட்டை அடிவாரம் வரைக்கும் கேட்டுது" என்றான் மச்சான்.

மௌன முகாம் ஒன்றுக்கும் போனேன். மாவட்டத்தைத் தாண்டி, கர்நாடக எல்லைப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பு. பேசக்கூடாது, போன் கூடாது, மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனைவியும் வந்திருந்தாள், பெண்கள் பக்கத்துக் கூடத்தில். நடுவில் ஒரு சுவர். "இருக்கியா?" என்று கேட்க முடியாத சுவர். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அங்கே பாடத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அதில் எர்த் சரியில்லை. ஆழ்ந்த குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். எல்லோரும் மூச்சைக் கவனித்தார்கள். நான் எர்த்தைக் கவனித்தேன். ஒரு காலையில் தாங்க முடியாமல் எழுந்து போய், பின்னால் இருந்த பின்னைத் திருப்பிச் செருகிவிட்டு, "இப்ப கேளுங்க, எப்பிடி இருக்குது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கூடமே கண்ணைத் திறந்து பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தும்மல் வந்தது. என் மனைவி சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் வரும். அந்தத் தும்மலைக் கேட்டதும் நெஞ்சு அமைதியானது. ஆனால் இதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

தேவாலயத் திருவிழாவுக்கு செட் போட்ட இடத்தில் ஒரு சிஸ்டர், ஒரே வார்த்தையை மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஜெபத்தைக் கற்றுக் கொடுத்தார். என்ன வார்த்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். என் வாயில் தானாக வந்தது "இருக்கியா". சிஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்து, "இதுவும் நல்ல ஜெபந்தான்" என்றார்.

போனில் ஒரு தியானச் செயலியும் இறக்கிக்கொண்டேன். தேன் மாதிரிக் குரலில் ஒரு பெண், "உங்கள் கால் விரல்களுக்கு நன்றி சொல்லுங்கள்" என்பாள். சொல்வேன். முழங்காலுக்கு வருவதற்குள் பிரியாணி விளம்பரம் வந்துவிடும். அதற்கும் மேலே உள்ள உறுப்புகள் இன்றுவரை நன்றி பெறாமலே கிடக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது தர்கா. சந்தனக்கூடு விழாவுக்கு செட் போடப் போய், வியாழக்கிழமைகளில் போய் உட்காருகிற பழக்கம் வந்தது. தோளோடு தோள் உரசி வட்டமாக உட்கார்ந்து, மூச்சோடு இறைவன் பெயரைச் சொல்லி, இடமும் வலமும் அசைவார்கள். சாம்பிராணிப் புகையில் அத்தனை உடம்பும் ஒரே பரிசலில் போவது போல இருக்கும். யார் மூச்சு யாருடையது என்று தெரியாது. என் படபடப்புகூட அங்கே தாளத்தோடு வந்து போகும். ஆனால் அங்கே தனிமை என்பதே இல்லை. எனக்கு வேண்டிய மருந்து அங்கே கிடைக்கவில்லை, நல்ல தூக்கம் கிடைத்தது. சட்டையெல்லாம் சாம்பிராணி வாசத்தோடு வீடு திரும்பினால் மனைவி வாசலிலேயே நிறுத்துவாள்: "சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க. ஷெட்டுப் பக்கம் தலைய காட்டாதீங்க."

ஷெட்டு என்றால் அவளுடைய பட்டுப்புழு ஷெட்டு. வீட்டுக்குப் பின்னால் நீளமாக, தாழ்வாக, ஈ நுழையாமல் வலை அடித்த கதவோடு. வெயில் காலத்தில் ஜன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு முழுக்க மல்பெரிக் கிளைகள், கிளை முழுக்கப் புழுக்கள். அதற்குள் போக வேண்டுமென்றால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், கை கழுவ வேண்டும். ஊதுபத்தி கூடாது, பீடி கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது. வாசம் பட்டால் புழு தின்னாமல் சுருண்டுவிடும். எனக்கோ ஒரு நீலகிரித் தைல பாட்டில் இல்லாமல் சட்டைப் பை இருக்காது. படபடப்பு வந்தால் கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டு முகர்வேன். சுடர், மூச்சு, மௌனம், ஜெபம் எல்லாம் மாறி மாறி வந்து போயின. பாட்டில் மட்டும் நிலையாக நின்றது. என்னுடைய ஒரே மெய்யான குரு அதுதான் என்று வையுங்களேன். அந்தக் குருவுக்கும் ஷெட்டுக்கும் ஆகாது. அதைச் சாக்காக வைத்து நான் அந்த இருட்டு அறைக்குள் போகாமலே காலம் ஓட்டினேன்.

மகள் ஓசூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து இங்கே வந்திருக்க வேண்டியவள். பிரஷர் ஏறிவிட்டது, பயணம் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று அங்கிருக்கிற டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகள் போனில் சாதாரணமாகத்தான் பேசினாள். கடைசியில், "அம்மாவ மட்டும் கொஞ்சம் அனுப்பறயாப்பா?" என்றாள். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லில் அவள் என்னை எவ்வளவு காலமாகக் கவனித்திருக்கிறாள் என்று தெரிந்தது.

அன்றைக்குப் பார்த்துப் புழுக்கள் கடைசித் தூக்கத்தில் இருந்தன. தோல் உரிப்பதற்கு முன்னால் புழு தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் பூராவும் அசையாமல் இருக்கும். எங்கள் பக்கத்தில் அதை ஜுரம் என்பார்கள். நான் வலைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆயிரக்கணக்கான சின்ன வெள்ளைச் சாமியார்கள், ஒரே திசையில் தலை நிமிர்ந்து. நான் பார்த்த எந்தக் குருவும் இவ்வளவு நேராக உட்கார்ந்ததில்லை. எழுந்தபின் இருப்பதுதான் பெருந்தீனி வாரம். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

"நானும் உங்கூடயே வந்துர்றன், புழுவுக்கு யாரையாவது சொல்லி வெக்கலாம்" என்றேன்.

அவள் பையில் புடவையை மடித்து வைத்தாள். மச்சான்தான் பேசினான். "மச்சான், நீங்க பாக்காத சாமியார் இல்ல, போடாத ஆசனம் இல்ல. ஒரு வாரம் புழுவோட இருக்க முடியாதா?"

"புழு சாமியார் இல்லயே. கேட்டாப் பதில் சொல்லாது."

"சாமியாருங்க மட்டும் சொன்னாங்களா?"

என் மனைவி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பயமா இருக்குதுன்னா சொல்லுங்க. நான் போவல."

நிஜமாகவே போகாமல் இருந்துவிடுவாள். எனக்கு அதுதான் பயத்தைவிடப் பயமாக இருந்தது. "போ" என்றேன். குரல் மைக்கில் பேசுவது மாதிரி வந்தது.

காரில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கொல்லைக்காரரும் அவர் சம்சாரமும் காலையிலும் சாயங்காலமும் தழை வெட்டிக் கொண்டுவந்து போடுவார்கள். நடுவில் ஷெட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எறும்பு ஏறக்கூடாது. சாக்கு காயக்கூடாது. "கைல தைலம் இருந்தா உள்ள போவாதீங்க. பழுத்துட்டாத் தின்றத நிறுத்திக்கும், ஒடம்பு கண்ணாடியாட்டம் ஆவும், அப்ப உடனே எடுத்து சந்திரிகைல விட்றணும்." சந்திரிகை என்பது புழு கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சொன்னது காதுக்குள் போனது உண்மை. உள்ளே போனபின் அதற்கு என்ன ஆனதென்று நான் பொறுப்பில்லை. என் காது அப்போது கார் கிளம்பும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கார் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. "இருக்கியா?" என்று பழக்கத்தில் கேட்டேன். கோழி ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது.

அன்றைக்கும் மறுநாளும் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். இருக்கிற விளக்கையெல்லாம் போட்டுவைத்துப் படுத்தேன். ஷெட்டுக்குள் போக வேண்டிய நேரமெல்லாம் வலைக் கதவில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. புழு நன்றாக இருந்தால் தின்னும். தின்றால் சத்தம் வரும். சத்தம்தானே என் தொழில்? கொல்லைக்காரர் தழை போட வந்தபோது சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை அவர் கையில் கொடுத்து, நடுத் தட்டில் ஒரு கிளையில் மாட்டச் சொன்னேன். ஒயரை வீட்டுக்கு இழுத்து ஆம்ப்ளிஃபையரில் செருகி, வாசல் ஸ்பீக்கரைத் திறந்தேன்.

மழை பெய்தது.

மழை மாதிரி என்று சொல்லமாட்டேன். மழையேதான். ஆடி மாதத்து மெல்லிய மழை, இலை மேலெல்லாம் ஒரே சீராக, அவசரமே இல்லாமல். உச்சி வெயிலில், துளி மேகமில்லாத வானத்துக்குக் கீழே, என் வாசல் முழுக்கப் பெய்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சுடர் தேடவில்லை, மூச்சை எண்ணவில்லை. ஆயிரம் ஆயிரம் குட்டி வாய்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன. எனக்குச் சின்ன வயதில் ஜுரம் வந்து போர்வைக்குள் கிடந்தபோது வெளியே மழை பெய்ததே, அதே மழை. நடு நடுவே கண் செருகும். வீடு ஒரு பரிசலாகி மல்பெரித் தோட்டத்துக்கு மேலே மெதுவாகச் சுற்றும்.

சுற்றிக்கொண்டிருந்த பரிசலை ஒரு கூச்சல் நிறுத்தியது. பக்கத்துக் கொல்லையில் களத்தில் காயப்போட்டிருந்த கேழ்வரகை அந்த அம்மா அரக்கப் பரக்க முறத்தில் வாரிக்கொண்டிருந்தார். புருஷன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். இருவரும் மூடி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். வெயில் பல்லைக் காட்டியது. மெதுவாக ரெண்டு பேரும் என் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"ஏப்பா!" என்று அந்த அம்மா இடுப்பில் கை வைத்தார். "ஊருல இருக்கற ரேடியோ சத்தம் பத்தலன்னு மழயும் வெக்க ஆரம்பிச்சிட்டியா?"

"புழு திங்கற சத்தங்க்கா."

"புழுவா?" கொல்லைக்காரர் தார்ப்பாயைப் போட்டுவிட்டு வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் குந்தினார். அவர் சம்சாரமும் திட்டிக்கொண்டே வந்து குந்தினார். தினம் ரெண்டு வேளை அந்தப் புழுக்களுக்குத் தழை போடுகிறவர்கள், அவர்களே இப்படி உட்கார்ந்து கேட்டதில்லையாம். மூன்று பேரும் மழை கேட்டோம். "அணைக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா கேழ்வரகைத் திரும்பப் பரப்பப் போனார்.

அதற்கப்புறம் நாட்கள் மழையில் நனைந்தபடியே போயின. ஷெட்டுக்குள் போகாமலே நான் ஷெட்டுக்குள் இருந்தேன். மனைவி போன் செய்தால் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காட்டுவேன். "அங்க மழைங்களா?" என்று முதல் நாள் அவளே ஏமாந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "உள்ள போயிப் பாத்தீங்களா?" என்றாள். "கேக்கறன்" என்றேன். பொய்யில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மழை நின்றிருந்தது.

ஒயரைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சிவப்புப் பொட்டு எரிந்தது. வால்யூமை முழுக்கத் திருப்பினேன். 'ஸ்ஸ்' என்று வெற்றுச் சத்தம். அதற்கு அடியில் ஒன்றுமில்லை. பல வருடம் ஊர் ஊராகத் தேடிப்போன மௌனம், ஐந்நூறு வாட்ஸில் என் வாசலில் வந்து நின்றது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

செத்துவிட்டன. காலையில் கதவோரத்தில் ஒயரைச் சரி செய்தேனே, அப்போது கையில் தைலம் இருந்ததா? இருந்தது. இருந்திருக்கும். அவ்வளவு புழுவையும் ஒரு சொட்டில் கொன்றுவிட்டேன். அவள் ஓசூரில் மகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இங்கே நான் சுடுகாடு நடத்திக்கொண்டிருக்கிறேன். நெஞ்சுக்குள் பஸ்ஸைத் துரத்துகிறவர் வந்துவிட்டார். இந்தத் தடவை குடும்பத்தோடு. கால் தானாகத் தெருப்பக்கம் திரும்பியது. தெருவுக்கு ஓடினால் யாராவது இருப்பார்கள், டீக்கடையில் ஏதாவது தமாஷ் சொல்லலாம், கை நடுக்கம் அடங்கும்.

கை பாட்டிலைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. எடுத்து மூடியைத் திருகியபோதுதான் உறைத்தது. இதை முகர்ந்தால் உள்ளே போக முடியாது. உள்ளே போக வேண்டுமென்றால் இதை முகர முடியாது. ரெண்டில் ஒன்று. எந்தக் குருவும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகப் பாடம் வைத்ததில்லை.

பாட்டிலைச் சுற்றுச்சுவர் மேல் வைத்தேன். சட்டையையும் கழற்றி அதன் மேல் போட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன், முகர்ந்து பார்த்தேன், மறுபடி கழுவினேன். பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து, போனை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு, வலைக் கதவைத் திறந்தேன். "இருக்கீங்களா?" என்று கேட்டேன். புழுக்களிடம். மரியாதையாக.

உள்ளே பச்சை வாசம். ஈரச் சாக்கு வழியாக வந்த வெளிச்சம் பழைய தண்ணீரைப் போல நின்றிருந்தது. சுவர்கள் ஓர் அடி முன்னால் வந்தன. வரட்டும் என்று தட்டை மட்டும் பார்த்தேன்.

ஒன்றுகூடச் சாகவில்லை. தழையை அப்படியே விட்டுவிட்டு, எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. காற்றில் எதையோ தடவித் தேடுகிற மாதிரி. வெள்ளை போய் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, உள்ளே வெளிச்சம் ஏற்றி வைத்தது போல ஊடுருவித் தெரிந்தது. அப்போதுதான் என் மனைவி காரில் ஏறும்முன் சொன்னது காதின் எந்த மூலையிலிருந்தோ எழுந்து வந்தது. பழுத்துவிட்டன. அடப்பாவி, பழுத்ததற்கா இவ்வளவு ஒப்பாரி வைத்தேன்? ஆனால் நெஞ்சுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றை எடுத்தேன். குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது. சந்திரிகை எங்கே என்று திரும்புவதற்குள் அது என் ஆட்காட்டி விரலிலிருந்து நடுவிரலுக்குத் தலையைக் கொண்டுபோய் ஒட்டியது. திரும்பக் கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று விரல்களுக்கு நடுவே இழுபட்டது. ஈரச் சாக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நூல்.

என் கை நடுங்கியது. அது நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நடுங்குகிற கம்பத்தில் கட்டுவது போல நிதானமாகக் கட்டியது. ஓடலாம்தான். ஓடினால் நூல் அறும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இடுப்பில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"ஏங்க..." அவள் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. "இருக்கறீங்களா?"

இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்கறன். என்னாச்சு?"

"திடீர்னு பிரஷர் ஏறிடுச்சுன்னு தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தம்பி மருந்து வாங்கப் போயிருக்கறான். மாப்பிள்ள கையெழுத்துப் போட உள்ள போயிட்டாரு. நான் மட்டும் இங்க... நெஞ்சு படக்கு படக்குங்குதுங்க. கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு. உங்களுக்கு இப்பிடித்தான் வருங்களா?"

"இப்பிடித்தான் வரும். செவுரு கிட்ட வருதா?"

"வருதுங்க."

"வரும். இடிக்காது. நான் கேரண்டி. எத்தன வருஷமாப் பாக்கறன், ஒரு தடவ கூட இடிச்சதில்ல."

அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது. மௌன முகாமில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அதே தும்மல், பாதி அழுகையோடு.

"எங்க இருக்கறீங்க? ஏன் மெதுவாப் பேசறீங்க?"

"ஷெட்டுக்குள்ள. எல்லாம் பழுத்துருச்சு. ஒன்னு என் வெரல்ல கூடு கட்டுது."

"தனியாவா?" என்றாள்.

"தனியாத்தான்."

"அத சந்திரிகைல விடுங்க" என்றாள். பிறகு, "போன வெச்சிராதீங்க" என்றாள்.

"எங்க போறன்?" என்றேன். அவள் வசனம். என் வாயில் வந்தபோது அதற்கு எவ்வளவு கனம் என்று தெரிந்தது. இதைத்தான் இத்தனை வருடம், மாடு கறந்துகொண்டும் தழை வெட்டிக்கொண்டும், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவின் சத்தம், செருப்புகள், எங்கோ ஒரு தள்ளுவண்டி, அவள் மூச்சு. மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனி என்றார்களே, அன்றைக்கு நான் கவனித்தேன். என்னுடையதை அல்ல. முதலில் அது ஓடியது. பிறகு நடந்தது. பிறகு எங்கோ உட்கார்ந்தது. இடது கையால் ஒவ்வொரு புழுவாக எடுத்துச் சந்திரிகையில் விட்டேன். தழை வெட்டப் போயிருந்த கொல்லைக்காரரும் அந்த அம்மாவும் வந்து, சட்டையில்லாமல் காதில் போனோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கை கழுவி வந்து கூடவே எடுக்க ஆரம்பித்தார்கள். விரலில் இருந்ததை மட்டும் நான் தொடவில்லை.

பேத்தி பிறந்தாள். கொஞ்சம் அவசரக்காரி, எடை குறைவு, குரலில் குறைவில்லை. போனில் அந்த அழுகை வந்தபோது என் தொழில் புத்தி, நல்ல டிரெபிள் என்றது.

எனக்குப் படபடப்பு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது. ஆனால் மனைவி அடிக்கடி ஓசூர் போகிறாள், தங்கியும் வருகிறாள். இப்போது அடுத்த ஈட்டுப் புழு ஷெட்டில் இருக்கிறது. பக்கத்துக் கொல்லையில் கேழ்வரகு காயப்போடுவதற்கு முன்னால் அந்த அம்மா வேலியோரம் வந்து குரல் கொடுப்பார்: "ஏப்பா, இன்னிக்கி மழை வெக்கறியா?"

"இல்லீங்க்கா, காயப்போடுங்க" என்பேன்.

அவர் போனதும் வால்யூமைச் சும்மா கொஞ்சமாகத் திருப்பி வைப்பேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.